தேவாவின் பழைய கம்ப்யூட்டரும் என் ரைஸ் குக்கரும்

தேவா இறந்துவிட்டான். இன்று மதியம் பழைய கம்பெனி வாட்ஸப் குரூப்பில் பார்த்தேன்... நெஞ்சுவலியாம். என் வயதுதான்.

கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி. நானும் ஒன்று போட்டுவிட்டு கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். இந்தக் கம்பெனியில் அவனைத் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வேலை, இரண்டு வருடம் ஒரே ரூம். அவன் அரக்கோணம், மெயின்டனன்ஸ். நான் விருதுநகர் பக்கம், பெயின்ட் ஷாப். எனக்கு மார்னிங் ஷிஃப்ட் என்றால் அவனுக்கு ஈவினிங். ஒருவன் வரும்போது மற்றவன் தூக்கத்தில். முகம் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ஒரு நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். எண்பதுகளில் வீட்டு டிவியில் மாட்டி ஓட்டியது, மொத்தமே ஒரு கீபோர்டு அளவுதான். இதில் அசெம்ப்ளி கற்றுக்கொள்ளலாம் என்றான். மெஷினுக்கு நேரடியாகப் புரிகிற பாஷை. இந்த நம்பரை எடு, அந்த இடத்தில் வை, கூட்டு... அவ்வளவுதான்.

"லேப்டாப் காலத்துல இது எதுக்குடா?" என்று கேட்டேன்.

"லைன்ல ரோபோ ஓடுது. உள்ள இன்னா நடக்குதுன்னு எவனும் சொல்ல மாட்றான். இதுல நாம சொன்னாதான் மச்சி ஓடும்."

சேவ் செய்ய அந்தக் காலத்து கேசட் ரெக்கார்டர் வேண்டும், அதற்கு எங்கே போவது? ஆஃப் செய்தால் அடித்ததெல்லாம் அழிந்துவிடும், அதனால் ஆஃப் செய்யவே மாட்டோம். அடித்த வரிகளையும் எங்கே நிறுத்தினோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம், கம்பெனியில் ஷிஃப்ட் ஹேண்டோவர் எழுதுகிற மாதிரியே. அடுத்தவன் வந்து அங்கிருந்து தொடருவான்.

ஒருமுறை முடிக்கிற கட்டளையைப் போட மறந்துவிட்டேன். மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. மறுநாள் நோட்டில் அவன் கையெழுத்து: "யோவ் அறிவாளி, வேல முடிஞ்சா திரும்பி வான்னு அதுக்குச் சொல்லணும். தானா வர்றதுக்கு அது இன்னா கம்பெனி பஸ்ஸா?"

டிவியில் ஒரு புள்ளி ஓடி, ஓரத்தில் மோதித் திரும்ப வேண்டும். அதற்கே ஒரு மாதமாகப் போராடிக்கொண்டிருந்தோம். கடைசி நாலு நாள் வேலை முழுக்க அவனுடையது, நோட்டில் இன்னும் ஏற்றவில்லை.

ரூமில் இரண்டே பிளக் பாயின்ட். ஒன்றில் டிவி, ஒன்றில் கம்ப்யூட்டர். டிவியைப் பிடுங்கிவிட்டுத்தான் குக்கர் போடுவோம். அன்று ஓ.டி. முடித்துப் பசியோடு வந்தவன், தூக்கக் கலக்கத்தில் மற்றதைப் பிடுங்கிவிட்டேன்.

அவனுடைய நாலு நாள் வேலையும் அழிந்துபோனது. நோட்டில் "கரண்ட் போச்சு" என்று எழுதினேன்.

"வுடு மச்சி, மொதல்லேர்ந்து அடிக்கலாம்" என்று அதற்குக் கீழே எழுதியிருந்தான்.

இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கிறேன், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட். மேலே டேப் ஒட்டி, பேனாவால் "குக்கர்" என்று எழுதியிருந்தான்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி. நானும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்... ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே கிளம்பிவிடுவேன்.

பிறகு ஒரகடத்தில் வேறு வேலை கிடைத்து ரூம் மாறினேன். கொஞ்ச நாளில் ஒரு வீடியோ அனுப்பினான். புள்ளி ஓடி, மோதி, திரும்புகிறது. "ஓடுது பாரு மச்சி. நீ இருந்துருக்கணும்."

நான் ஒரு கட்டைவிரல் எமோஜி அனுப்பினேன். நாலு வருடம் ஆகிறது. எங்களுக்குள் கடைசியாக நடந்த பேச்சு அதுதான்.

கரண்ட் போகவில்லை தேவா. நான்தான் பிடுங்கினேன். உனக்குத் தெரியும்தான்... ஆனாலும் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

நாளை காலை அரக்கோணம் வருகிறேன். உன் வீட்டில் எனக்கு யாரையும் தெரியாது. ஓரமாக நின்று உன்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.