அக்கரைச் சகலை

என் சகலையும் என்னைப் போலவே போலீஸ்காரர். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நான் தீவில், ஜார்ஜ்டவுனில் குற்றப் புலனாய்வில் சார்ஜன். அவர் கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் சார்ஜன். சம்பளம் ஒன்று, சட்டைக் கையில் பட்டை ஒன்று, வேலை மட்டும் ஒன்றில்லை. என் மேசையில் ஃபைல்கள் முகத்தை மறைக்கும் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அவருக்கோ ஒரு மாடு காணாமல் போனால் அதுதான் அந்த வாரத்துப் பெரிய கேஸ். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்க் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். கொடுத்துவைத்த மனிதர்.

அந்தப் பவுடர் வாசனையைக்கூட என்னால் பொறுக்க முடிந்ததில்லை. பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்கு விருப்பமில்லை.

அவருடைய ஓய்வைப் பார்த்துத்தான் பொறாமை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது என் மகளை வைத்து வந்தது. எனக்கு ஒரே மகள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்றால் ஃபெரி ஏறி வந்துவிடுவார். அவள் நூறு மீட்டர் ஓடி ஜெயித்த அன்று எடுத்த படத்தில் பக்கத்தில் நிற்பது அவர்தான். கையில் அவள் காலிலிருந்து கழற்றிக் கொடுத்த சப்பாத்து. அந்த நேரத்தில் நான், கோயில் கூட்டத்தில் சங்கிலியைப் பறிகொடுத்த ஓர் அம்மாவிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தேன். தைப்பூசம் வந்தால் சங்கிலி, பள்ளி விடுமுறை வந்தால் வீடு உடைப்பு, மற்ற நாட்களில் மோட்டார் சைக்கிள் என்று எங்கள் ஊர்க் கள்ளர்களுக்கும் ஒரு காலண்டர் இருந்தது. அதில் எனக்கு மட்டும் சிவப்புத் தேதி கிடையாது.

"ஒரு மாசம் அவர இங்க வந்து என் நாற்காலியில உக்காரச் சொல்லு. அப்புறம் பாக்கலாம், ஸ்போர்ட்ஸ் டேக்கு எப்படி வர்றாருன்னு," என்று மனைவியிடம் சொல்வேன்.

தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே கடல்மேல் பாலம் திறந்த பிறகு நிலைமை மாறியது. தீவில் திருடிய வண்டி, நாங்கள் ரிப்போர்ட் எழுதி முடிப்பதற்குள் அக்கரை சேர்ந்துவிடும். நாங்கள் இங்கே இறுக்க இறுக்க, ஆட்களும் அங்கே போனார்கள். அக்கரையில் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள் மறைந்தன; தோட்டத்தை அழித்துக் கட்டிய புது வீடுகளை உடைத்தார்கள். மாதக் கணக்கை ஒப்பிட்டு எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. அக்கரைக் கணக்கு ஏறுவதைப் பார்த்து என் மனம் குளிர்ந்தது என்று சொன்னால் கேவலமாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். பொருளைப் பறிகொடுத்தவர்கள் யாரோ எவரோ. ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வரும் சகலை இனி வர மாட்டார், எனக்கு அது போதும்.

அவர் வந்தார். அக்குளில் நான்கு ஃபைல்களை இடுக்கிக்கொண்டு வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் ரிப்போர்ட் எழுத, எதிரே உட்கார்ந்து என் மகள் கணக்குப் போட்டாள். நடுநடுவே அவள் நோட்டை இழுத்துப் பார்த்து, "இங்க ப்ளஸ் போடணும்லா," என்பார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முகத்தில் பவுடர் இல்லை.

"அக்காகிட்ட நீங்க சொன்னது சரிதாண்ணே. மூச்சு விட முடியல," என்றார் என்னிடம்.

பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. இத்தனை வருடமும் வேலையைக் காட்டித்தான் நான் தப்பித்துக்கொண்டிருந்தேன். அதே வேலையைத் தூக்கிக்கொண்டு இந்த மனிதர் பாலம் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மகளுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை. துறைமுகப் பக்கம் ஒரு கேஸ் என்பதால் அன்று நான் வீட்டுக்கே போகவில்லை. இரவு ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது, வீட்டுக்கு போன் செய்யும்படி என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. ஆற அமரச் செய்யலாம் என்று அதை ஒரு ஃபைலுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் காலை, சுற்றியுள்ள சின்ன ஸ்டேஷன்களிலிருந்து முந்தின நாள் புகார்கள் கட்டாக வந்தன. ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது நான். மூன்றாவது தாள் ஆயர் ஈத்தாமிலிருந்து வந்தது. சந்தைக்கு எதிரே, மாலை ஐந்தரை மணி, டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற மாணவியிடம் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பையைப் பறித்தார்கள். பெயரைப் பார்த்தேன், முகவரியைப் பார்த்தேன். என் மகள், என் வீடு. சித்தப்பாவுடன் வந்து புகார் கொடுத்ததாக எழுதியிருந்தது. அதற்கு மேலும் சில வரிகள் இருந்தன. என் கண் சித்தப்பாவோடு நின்றுவிட்டது.

அந்தச் சந்தையிலிருந்து என் ஸ்டேஷன் பத்து நிமிடம். அவர் கடல் தாண்டி வர ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். வீட்டுக்கு வண்டியை விரட்டிய வழியெல்லாம் இந்தக் கணக்கைத்தான் போட்டேன்.

மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள், இடது கையால். அதையும் பார்த்தேன். ஆனால் எத்தனை பேர் என்று கேட்டேன். வண்டி என்ன நிறம், நம்பர் பார்த்தாயா, பையில் என்னென்ன இருந்தன என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டேன்.

"நான் பக்கத்துலதான இருக்கேன்? அவருக்கு ஏம்மா போன் பண்ண?"

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"சித்தப்பா போன எடுத்ததும் 'அடி பட்டுச்சாம்மா'ன்னு கேட்டாரு," என்றாள். மடியில் வைத்திருந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. "நீங்க இன்னும் கேக்கலப்பா."