ஆறுமுகநேரியோடு நின்ற நடை

தை பிறந்ததும் என் பஞ்சர் கடையின் பக்கச் சுவரில் சாக்பீஸால் ஊர்ப் பெயர்களை எழுத ஆரம்பிப்பேன். தூத்துக்குடிக்குத் தெற்கே, முள்ளக்காடு தாண்டி திருச்செந்தூர் ரோட்டில், உப்பளங்களுக்கு நடுவில் இருக்கிறது கடை. மற்ற மாதங்களில் துறைமுகத்து லாரிகள்தான் எனக்குப் பிழைப்பு. தைப்பூசம் நெருங்கும்போது மட்டும் ரோட்டில் பச்சை நிறம் வந்துவிடும். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள். ஒவ்வொரு குழுவும் முருகன் படம் வைத்த ஒரு சப்பர வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும். பெரும்பாலும் சைக்கிள் சக்கரம் மாட்டிய வண்டி. அத்தனை தூரம் வந்த டியூப் என் கடைப் பக்கம் வரும்போது இளைத்துப் போயிருக்கும்.

எந்த ஊர் வண்டி எப்போது தாண்டியது என்று சுவரில் எழுதுவேன். தூரத்து ஊர்கள் முதலில் வரும். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம், பிறகு எட்டயபுரம், பிறகு விளாத்திகுளத்துச் சுற்றுக் கிராமங்கள். கடைசியாக, தூத்துக்குடியை ஒட்டி இருக்கும் புதுக்கோட்டைக்காரர்கள், பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரி கைவீசிக்கொண்டு வருவார்கள். பழையகாயலில் அன்னதானம் போடும் அண்ணாச்சி காலையில் போன் பண்ணிக் கேட்பார். "எத்தன குழு தாண்டிருக்கு? உலைய வைக்கலாமா?" நான் சுவரைப் பார்த்துச் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என்னை நம்பி ஒருவர் உலை வைக்கிறார் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஆனால் நான் வண்டிகளைத்தான் பார்ப்பேன். ஆட்களைப் பார்க்க மாட்டேன். எனக்குக் கூச்சம் அதிகம். பெண்கள் கூட்டமாக வந்தால் குனிந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பஞ்சர் கடையில் ஒரு வசதி உண்டு. யாரையும் தேடிப் போய்ப் பேச வேண்டாம். தேவைப்படுகிறவர்கள் தாமாக வருவார்கள்.

போன வருஷம் என் மனைவி மாலை போட்டாள். மகளுக்குக் குழந்தை இல்லாமல் பல வருஷம் போய், ஒரு பேத்தி பிறந்திருந்தாள். பிறந்தால் தன் அம்மா ஊரிலிருந்து திருச்செந்தூருக்கு வெறுங்காலில் நடப்பதாக இவள் வேண்டியிருக்கிறாள். அந்த ஊர் விளாத்திகுளத்துக்கு மேற்கே, மானாவாரிப் பூமி. வேண்டுதலை என்னிடம் அவள் முன்பே சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்ற முயன்றபோது செருப்பு காலோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் ஒரு ஆணி செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறாள். லாரி டயரில் ஆணி பிடுங்கும் அதே குறட்டால் நான் பிடுங்கினேன். "வலிக்குதாளா?" என்றேன். "எங்க புடுங்குனிய?" என்று கேட்டாள். அந்த வருஷம் அது ஆற மூன்று மாதம் ஆயிற்று. இனி வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் நடக்கல. சமையல் வேன்ல பாத்திரத்தோட வாரேன். மால மட்டும் போட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா ஊருக்குப் போனாள். நானும் நம்பினேன். நம்பாவிட்டால் சண்டை போட வேண்டியிருக்கும்.

குழு கிளம்பிய மறுநாள் மத்தியானம் ஊரிலிருந்து மச்சினன் போன் பண்ணினான்.

"அத்தான், வேன் டிரைவர் இப்பத்தான் பேசினான். அக்கா வேன்ல ஏறவே மாட்டேங்காளாம். வெறுங்கால்ல நடந்து வாராளாம். கால்ல என்னமோ துணி சுத்தியிருக்காளாம்."

"போன அவட்ட குடுக்கச் சொல்லேன்."

"போனெல்லாம் வேன்ல பையில கெடக்கு. மால போட்டவக தொட மாட்டாவ. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க அத்தான்."

அப்போது குழு குளத்தூரைத் தாண்டியிருந்தது. மொபெட்டை எடுத்தால் ஒன்றரை மணி நேரம். நான் எடுக்கவில்லை. நூறு பேர் நடக்கும் இடத்தில் போய், எல்லோரும் பார்க்க, சாமிக்கு நடக்கிற பொம்பளையைக் கையைப் பிடித்து இழுப்பதா என்று நினைத்தேன். நாளை காலை அந்த ஊர் வண்டி எப்படியும் என் கடைக்கு வரும், வருஷம் தவறியதில்லை, வண்டி வந்தால் அவளும் வருவாள், கடைக்குள் உட்கார வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து சுவரையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எட்டயபுரத்து வண்டிகள் மூன்று போயின. அதில் ஒன்றுக்குச் சக்கரத்தைக் கழற்றி இரண்டு ஒட்டுப் போட வேண்டியிருந்தது. வெயில் ஏறிய பிறகு மனைவியின் ஊர் வண்டி வந்தது. பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வண்டிக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தாண்டும்வரை பார்த்தேன். அவள் இல்லை. வண்டி தள்ளி வந்தவரிடம் கேட்டேன்.

"அந்த அக்காவா? அவுக எப்பவோ போயிட்டாவளே" என்றார். "பைய நடக்கவுக விடியுமுன்ன கெளம்பிருவாவ, வண்டி பின்னாலதான வரும். இந்நேரம் பழையகாயலத் தாண்டிருப்பாவ. உங்க கடை வழியாத்தான போகணும், பாக்கலியா அண்ணாச்சி?"

பார்க்கவில்லை. எட்டயபுரத்து டியூபில் குமிழி தேடிக்கொண்டிருந்தேன்.

அன்னதான அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "பச்சச் சேல கட்டுன பொம்பளையா? நல்லாக் கேட்டிய. இங்கன நூறு பேரு நிக்காவ, நூறு பேரும் பச்சச் சேலதான்" என்றார். பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாம் என்றால், மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் சொன்னால் திரும்ப மாட்டார்கள்.

கடையைப் பூட்டாமல் மொபெட்டை எடுத்தேன். ஓரமாக மெதுவாக ஓட்டி, முன்னால் போகும் ஒவ்வொரு பெண்ணையும் தாண்டி, திரும்பி முகத்தைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அத்தனை பெண்களின் முகத்தை நான் பார்த்ததில்லை. பழையகாயல் தாண்டி ஒரு கூட்டத்தில் ஒருத்தி உரக்கக் கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, ஒவ்வொருத்தியா உத்து உத்துப் பாக்கிய? பொண்ணு பாக்க வந்தியளா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வண்டியை நிறுத்தினேன். "என் வீட்டுக்காரி" என்றேன். "சுகரு. கால்ல உணர்ச்சி கெடையாது. வெறுங்கால்ல போறா." சொல்லிவிட்டு ரோட்டில் நின்று அழுதுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. கேட்ட பெண்ணே பக்கத்தில் வந்தாள். "கால்ல பச்சத் துணி சுத்தின அம்மாவா? முக்காணிப் பாலத்துக்குக் கீழ எறங்கணும்னு சொல்லிட்டுப் போனாவ. ஆத்துல குளிக்கதுக்கு. வெரசாப் போங்க சாமி."

முக்காணியில் அவள் தாமிரபரணிப் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டிருந்தாள். பக்கத்தில் அவர்கள் குழுவின் மூத்த அம்மா ஒருவர். என்னைப் பார்த்ததும் என் மனைவி காலை இன்னும் ஆழமாகத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

"காலத் தூக்கு."

"ஒண்ணுமில்ல. வலியே இல்ல."

"வலிக்காதுளா உனக்கு. காலத் தூக்கு."

நான் தண்ணீரில் இறங்கி வலது பாதத்தைத் தூக்கினேன். துணி ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. தார் ரோட்டின் சூட்டில் அடிப்பாதத் தோல் கழன்று, விரல்களுக்குக் கீழே ஒரு குழி விழுந்திருந்தது. இரண்டு விரல் நிறம் மாறியிருந்தது. மூத்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க குனிஞ்சு டியூபப் பாத்துட்டு இருந்திய" என்றாள் அவள். "எதுத்த பக்கமா வந்துட்டேன். ஒரு நிமிசம் நின்னு பாத்தேன். நிமிருவியளோன்னு பயமாத்தான் இருந்துச்சு. நிமிரல."

அவர்களுடைய வேனை வரச் சொன்னோம். அவள் ஏற மாட்டேன் என்றாள். இவ்வளவு தூரம் வந்து விட்டுவிட்டால் பேத்திக்கு ஏதாவது ஆகிவிடும் என்றாள். நான் கெஞ்சினேன். காலில் விழுந்தேன் என்றே சொல்லலாம், ஏனென்றால் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். கடைசியில் அவளே சொன்னாள்.

"மிச்சத்த நீங்க நடங்க. நான் ஏறுதேன்."

"உன்னத் தனியா ஆஸ்பத்திரிக்கு விட்டுட்டு நான் எங்க நடக்க?"

"அப்பம் நானே நடக்கேன்."

மூத்த அம்மா அவள் கழுத்திலிருந்து மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார். "புருசன்தான, சாமி ஏத்துக்கிடும்" என்றார். அவரே அவளோடு வேனில் ஏறினார். நான் செருப்பைக் கழற்றி மொபெட் பெட்டியில் வைத்து, வண்டியை ஒரு டீக்கடை வாசலில் விட்டேன். வேன் தூத்துக்குடியைப் பார்த்துத் திரும்பியது. நான் தெற்கே பார்த்து நடந்தேன்.

ஆத்தூர் தாண்டும்வரை பாதம் எரிந்தது. சின்னக் கல்கூட உச்சி வரை ஏறியது. இதை அவள் மூன்று நாளாக ஒன்றுமே தெரியாமல் மிதித்திருக்கிறாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மகளுக்குப் போன் போட்டேன். அவள் புதுக்கோட்டையிலிருந்து கைக்குழந்தையோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சுற்றி எல்லோரும் அரோகரா போட்டார்கள். எனக்கு வாயைத் திறக்கத் தோன்றவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தால் அவளுடைய ஒரு விரல் தப்பும் என்று என்னவோ எண்ணிக்கொண்டு நடந்தேன்.

ஆறுமுகநேரி பஸ் நிறுத்தத்தில் மகள் கூப்பிட்டாள்.

"எப்பா, சீழு உள்ள ஏறிருக்காம். விரல எடுக்கணும்ங்காவ. விட்டா முழங்காலு வரைக்கும் போயிருமாம். கையெழுத்துக் கேக்காவ. என்னால போட முடியலப்பா. நீங்க வந்துருங்க."

தூத்துக்குடி பஸ் எதிரில் வந்து நின்றது. இன்னும் காயல்பட்டினம், அதைத் தாண்டினால் திருச்செந்தூர். இரண்டு மணி நேர நடை. நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வார்டுக்குள் போனபோது அவளைத் தள்ளிக்கொண்டு போகத் தயாராக இருந்தார்கள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள். மாலையைத் திருச்செந்தூரில்தான் கழற்ற வேண்டும். அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"எதுவரைக்கும் போனிய?"

"ஆறுமுகநேரி."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் இரண்டு விரல். பத்து நாளில் மற்ற மூன்றும். பிறகு பாதத்தில் முன்பாதி. குதிகால் மட்டும் தப்பியது. டாக்டர்கள் அது தப்பியதே பெரிது என்றார்கள். அவள் என்னை ஒருமுறைதான் கேட்டாள், கட்டு மாற்றும்போது, கோபமில்லாமல்: "இன்னும் ரெண்டு மணி நேரம் நடந்திருந்தா விரலோட போயிருக்குமோ?" அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். முந்தின நாளே நான் மொபெட்டை எடுத்திருந்தால் விரலே போயிருக்காது. அதை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாலை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. பேத்திக்குச் சளி பிடித்தால்கூட அவள் கண் அங்கே போகும்.

இந்த வருஷம் தை பிறந்ததும் சுவரில் எழுத ஆரம்பித்தேன். இப்போது வண்டியைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு காலாகப் பார்க்கிறேன். துணி சுற்றிய கால் தெரிந்தால் எழுந்து போய், "சுகரு இருக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் திட்டுகிறார்கள்.

நேற்றுக் காலை வீட்டுக்குப் பின்பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்த அவள் செருப்பு படியில் கிடந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த அரைப் பாதத்தை மண்ணில் ஊன்றி நடந்துகொண்டிருந்தாள்.

"என்ன செய்யுதளா?"

"பழகுதேன். ஆறுமுகநேரியிலயிருந்துதான. கொஞ்ச தூரந்தான் கெடக்கு."

நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார வைத்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் குத்தியிருக்கவில்லை. நான் இல்லாத நேரத்தில் அவள் எத்தனை நாளாகப் பழகுகிறாள் என்று தெரியவில்லை. கேட்டால் சொல்ல மாட்டாள். அவள் ஊர் வண்டி இன்னும் மூன்று நாளில் வந்துவிடும். அவர்களோடு போய்விடுவாள்.

இன்று விடிந்ததும் மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மகளை வரவழைத்து, அம்மா செருப்பில்லாமல் தரையில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கடையைத் திறக்கவில்லை. பழையகாயல் அண்ணாச்சி ஆள் அனுப்பினால் பார்த்துக்கொள்ளட்டும் என்று, சுவரில் கடைசி ஊருக்குக் கீழே, ஆறுமுகநேரி, ஒரு ஆள் என்று எழுதினேன். இதை ஆறுமுகநேரி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதி முடிக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டேன். சாமி இதைக் கணக்கில் எடுக்குமா என்று எனக்குத் தெரியாது. அவள் எடுத்துக்கொண்டால் போதும்.