விடுதிச் சுவரோரத்து மஞ்சள் பூ

அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். மறைமலைநகரில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. மாமா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் கிளீனராக, ஓட்டலில் தட்டு கழுவுகிறவனாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, போக இடமில்லாதபோது அங்கே வந்து படுப்பேன். யாரும் போ என்று சொன்னதில்லை. வேளைக்குத் தட்டு வைப்பார்கள். குனிந்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

இந்த முறை நானும் அந்த வீட்டுக்கு ஏதோ செய்யலாம் என்று தோன்றியது. காமாலைக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, குட்டிச் சாமந்தி போல மஞ்சளாகப் பூக்கும் செடி. பட்டுப்போகாது, வருஷம் முழுக்கக் கிடக்கும். திருவிடந்தை தாண்டி, கடற்கரை விடுதிச் சுவர்களின் ஓரத்தில் அது பாய் விரித்தாற்போல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பஸ் மாறிப் போய் ஒரு பை நிறையப் பறித்துவந்தேன்.

"வாங்க வைத்தியரே," என்றார் மாமா. "ஜி.ஹெச்சுல மாத்திரை குடுத்துக்கீறாங்க. அது பத்தாதுன்னு நீ வேற புல்லு அறுத்துகினு வந்துட்டியா?"

"மாத்திரைய வாணாம்னு நான் சொன்னேனா மாமா? இது கீரை."

அக்கா பையை வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சளாக இருந்தது. "சும்மா இருய்யா. வெயில்ல போயி எட்தாந்துகீறான். காத்தால நானே அரைச்சிக் குடிச்சிக்கிறேன்."

மறுநாள் நான் எழுந்து வருவதற்குள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். "கசக்குதாக்கா?" என்று கேட்டேன். "மருந்துன்னா கசக்காம?" என்றாள். அதன் பிறகு தினமும் கேட்டேன். தினமும் ஒரு பதில் சொன்னாள்: இன்றைக்குக் கசப்பு கம்மி, இன்றைக்குத் தொண்டையில் நிற்கிறது என்று. பை தீர்ந்ததும் மறுபடி போவேன். அந்த நாட்களில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் ஒருநாள் பறிக்கப் போனபோது, நெம்மேலிப் பக்கம் ஒரு நர்சரியில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சேர்ந்துகொண்டேன். வண்டியில் ஏற்றச் சொன்ன முதல் சரக்கே அந்தச் செடிதான். கறுப்பு பிளாஸ்டிக் கவர்களில் வரிசை வரிசையாகப் பூத்திருந்தது.

"கரிசலாங்கண்ணிய கூட வளத்து விக்கிறீங்களா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"இன்னாது? அழகுக்கு வெக்கிற ஷோ செடி அண்ணாத்த. இலைய பாரு, மூணு முனையா கீது. கீரைக்கு இப்டியா கீது? இந்த ரோட்ல சுவத்தோரம் பூரா நாங்க வெச்சதுதான்."

"இத துன்னா இன்னா ஆவும்?"

"மாடே வாய வெக்காது. அதுல பூச்சி மருந்து வேற அடிச்சிகினே கீறோம். ஏன், நீ துன்னுட்டியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இல்லை என்றேன். கவரைக் கீழே வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

என் போன் அக்கா வீட்டில் சார்ஜில் கிடந்தது. மேஸ்திரியிடம் போனைக் கேட்டு வாங்கி அக்காவுக்குப் பேசியிருக்கலாம். எதற்கு என்று கேட்பாரே என்று கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது. கெட்டுப்போன ஈரலோடு இருப்பவளுக்கு, தினமும் வெறும் வயிற்றில், என் கையால் பறித்தது.

அக்கா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். "இன்னாடா, அதுக்குள்ள வந்துட்ட?"

"அக்கா, அத இனிமே குடிக்காத. கீரை இல்ல அது. ஷோ செடி. மருந்து அடிச்சது."

அவள் பார்வை ஒரு கணம் குளியலறைக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரையொட்டிய சந்துக்குப் போய்த் திரும்பியது. போய்ப் பார்த்தேன். தண்ணீர் போகும் ஈரத்தில், நான் கொண்டுவந்த தண்டுகள் அத்தனையும் குவியலாகக் கிடந்து வேர்பிடித்திருந்தன. இரண்டு மூன்று பூத்தும் இருந்தன.

"நாட்டு மருந்து எதுவும் வாயில வெக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருடா," என்றாள் பின்னாலேயே வந்து. "உங்கிட்ட சொன்னா நீ துணிப் பைய எட்துகினு வூட்ட வுட்டே கெளம்பிடுவ."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவருதான் டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி கொண்டாந்து கொட்டுவாரு."

என்னை யாரும் நம்பாததால் அவள் பிழைத்தாள். அதற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும், பட்டேன். ஆனால் நான் கேட்ட ஒவ்வொரு காலையிலும் அவள் ஒரு கசப்பை யோசித்துச் சொல்லியிருக்கிறாள்.

குந்தி உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன். ஒரு கணு வந்தால் அடுத்த கணு அறுந்து மண்ணிலேயே நின்றது. "வுடுடா, பாக்க நல்லாத்தான கீது," என்றாள் அக்கா. விடவில்லை.

சாயங்காலம் மாமா வந்தபோதும் அங்கேயேதான் இருந்தேன். சந்தின் முனையில் நின்று என் கையைப் பார்த்தார், பிடுங்கிப் போட்டதைப் பார்த்தார். வைத்தியரே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சாப்ட்டியா மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.