கழித்தல் குறியை அழித்தவன்

ஓய்வுபெற்ற எண்ணெய்க் கிணற்று ஆட்கள் நாங்கள் புதுச்சேரியில் வருடத்துக்கு ஒருமுறை கூடிச் சாப்பிடுவோம். இந்த முறை மீன் குழம்பு முடிந்து ரசம் வருவதற்குள் ஒருவன் அந்தப் பழைய கதையை எடுத்தான்.

"நம்ம முதலியார்பேட்டைக்காரரு விசிறிய தலகீழா மாட்டி கிணத்துல எறக்கனாரே! வூட்டு ஃபேனையாவது நேரா மாட்டுனீங்களா அண்ணே?"

மேசை குலுங்கச் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலியார்பேட்டைக்காரர் தலை நிமிராமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. அந்த வாயாடி மேல் வந்த கோபம் கால்வாசிதான். அந்தக் கதையைப் பிறக்க விட்டவனே நான்.

நடந்தது இது. கடலோரம் ஒரு சாய்வுக் கிணறு. எண்ணெயோடு தண்ணீரும் அதிகமாக வரத் தொடங்கியது. எண்ணெய் உள்ளே வருவதற்காகக் குழாயில் மேலே ஒரு துளை வரிசை, கீழே ஒன்று. தண்ணீர் எதன் வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலியார்பேட்டைக்காரர் கம்பியில் கருவியை இறக்கி அளந்தார். அதிலுள்ள சின்ன விசிறி சுற்றும் திசையும் வேகமும் உள்ளே ஓடுவதைச் சொல்லும். அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த அளவுகளுக்குப் பொருள் சொல்வது என் வேலை.

இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் விசிறி பின்னோக்கிச் சுற்றியிருந்தது. ஓட்டம் மேலே வரும் கிணற்றில் அது எப்படி முடியும்? தப்பாக மாட்டிவிட்டார் என்று முடிவுகட்டி, அந்த அளவுகளுக்கு முன்னால் இருந்த கழித்தல் குறிகளை அழித்தேன்.

அவர் போனில் கத்தினார். "சார், கிணறு சாஞ்சிருக்குது சார். எண்ணெ மேல்பக்கமா ஒட்டிக்கினு ஏறுது, தண்ணி அடிப்பக்கமா வழிஞ்சி கீழ எறங்குது. கருவி அடிப்பக்கந்தான கெடக்குது? அது சரியாத்தான் சுத்துது!"

"எனக்குப் பாடம் நடத்தாதய்யா" என்று போனை வைத்தேன்.

குறியை அழித்ததும், தண்ணீர் கீழ்வரிசையிலிருந்து கொட்டுவதுபோல் தெரிந்தது. சிமென்ட் போட்டு அதை அடைக்கச் சொன்னேன். அடைத்தார்கள். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்தான் வந்தது. எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்ததே கீழ்வரிசைதான். அழித்த குறிகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, தண்ணீர் மேல்வரிசையிலிருந்து கீழே வழிந்தது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

விசாரணையில், அளந்தது யார் என்று மட்டும் கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவரைக் கிடங்கில் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கிணற்றுக்கும் அனுப்பவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. வெட்கம் கெட்டவன், வாங்கிக்கொண்டேன்.

சிரிப்பு ஓயவில்லை. எழுந்தேன். "விசிறி சரியாத்தான் இருந்துது. குறியை அழிச்சவன் நான்."

கதை சொன்னவனே முதலில் கைதட்டினான். "பாத்தீங்களா, இன்னா பெரிய மனசு! கூட வேல செஞ்சவர வுட்டுக்குடுக்கறாரா பாரு!"

எல்லோரும் தட்டினார்கள். என் குற்றத்தையே எனக்கு மாலையாகப் போடுகிறார்கள்! இலையோடு வாரி அவன் முகத்தில் அடிக்கலாம் போலிருந்தது. "ஒக்காருங்க சார், ரசம் ஆறுது" என்றான் இன்னொருவன்.

உட்காரப் போனேன். முதலியார்பேட்டைக்காரர் என் சட்டையைப் பிடித்தார்.

"ஒக்காராதீங்க சார். ஒர்த்தனுக்கும் புரியல. என் புள்ளைங்ககூட நான் தலகீழா மாட்டுனேன்னுதான் நெனைக்குதுங்க. புரியற வரைக்கும் சொல்லுங்க."

அந்தக் குரலில் மன்னிப்பு துளியும் இல்லை. கைதட்டல் அடங்கக் காத்திராமல், கிணறு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதிலிருந்து மறுபடி தொடங்கினேன்.