நெரெய்தாவின் வலது கால்

ஹவானாவில் எங்கள் தெருக்காரர்களுக்கு நெரெய்தாவின் வலது காலைத் தெரியும். அவள் கணவன் ஒரேஸ்தே ஒரு பழைய அமெரிக்கக் காரை எலும்புக்கூடாக வாங்கி வந்து உயிர் கொடுத்தான். பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போதெல்லாம் அவன் சக்கரத்தடியில் படுத்துக் குரல் கொடுப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மிதியை அமுக்குவாள். காற்று இருக்கும்வரை மிதி மெத்தென்று உள்ளே போகும், முழுதும் போனதும் கெட்டியாகிவிடும்; அதை அவள் கால்தான் சொல்லும்.

அந்த மழைக்காலத்தில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. காருக்குப் புதிதாகக் கூரைத்துணி தைத்த மகராசன், ஒழுகும் சமையலறைக் கூரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யாருக்குத்தான் ஆத்திரம் வராது? மாத்தான்சாஸில் இருக்கும் தங்கையிடமே போய்விடுவதென்று நெரெய்தா பெட்டி கட்டினாள். ஷாம்புவையும் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பிரேக் எண்ணெய் கிடைக்காதபோது எங்களுக்கு ஷாம்புதான் கைகொடுக்கும். அவளிடம் கேட்க அவனுக்கு ரோஷம். இஞ்சின் எண்ணெயை ஊற்றினான். உள்ளே ரப்பரெல்லாம் ஊறி உப்பிவிட்டது. பிடித்த பிரேக் விடவில்லை, சக்கரம் கொதித்து வண்டி நடுத்தெருவில் நின்றது.

"என்னை மாத்தான்சாஸ்ல விட்டுட்டு வர்றது யாரு, உன் தாத்தாவா? சரி பண்ணு!" என்று ஷாம்புவை அவன் கையில் திணித்தாள் நெரெய்தா.

குழாய்களைச் சாராயத்தால் கழுவி, ரப்பர்களை மாற்றி, ஷாம்புவை ஊற்றினான். பக்கத்து வீட்டுக்காரி நான், அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் அவளருகே உட்கார்ந்திருந்தேன்.

"அமுக்கு... பிடிச்சுக்கோ... விடு."

"பொதக்குன்னு உள்ள போகுது."

சக்கரத்தருகே குழாய் முனையை விட்டு அவன் வைத்திருந்த பாட்டிலில், வெளியேறும் காற்றால் நுரை பொங்கி வழிந்தது. குமிழிகள் காற்றில் மிதந்து தெருமுனைவரை போயின. எங்கும் ஆப்பிள் வாசனை. எனக்கே கண் சொருகியது. கண்ணை மூடியிருந்த நெரெய்தா உதட்டில் லேசான சிரிப்பு.

"எங்கடி இருக்கே?" என்றேன்.

"கடலோரத்துல. பாழாப்போனவன்தான் வண்டி ஓட்டுறான்."

கொஞ்ச நேரத்தில் அவள் கெண்டைக்கால் இறுகியது. மிதி பாதியிலேயே நின்றது. முழு பலத்தோடு அமுக்கியும் அசையவில்லை.

"இப்ப கெட்டியா இருக்கா?" கீழிருந்து குரல் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்ல. இன்னும் மெத்துன்னுதான் இருக்கு."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பாட்டிலில் ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஆமா," என்றான் ஒரேஸ்தே. "காத்து நிறைய இருக்கு. இன்னிக்கு முடியாது போல."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவர்களுடைய வீட்டுக்குள் போய், ஒழுகாத மூலையாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன்.