எதுக்கும் இருக்கட்டும்

மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவளுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: மூட்டை. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் குடை, தண்ணீர், பஞ்சு, பிளாஸ்திரி இல்லாமல் அவள் வாசலைத் தாண்டமாட்டாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்" என்பாள். தடுக்கி விழுந்தவர்களையும் குளவி கொட்டியவர்களையும் நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்க்கிறவள் வேறு எப்படி இருப்பாள், சொல்லுங்கள்.

போன தடவை அவளும் தங்கையும் ஏரிக்கு அக்கரையில் உள்ள விடுதிக்குக் கிளம்பினார்கள். மூட்டையின் பெட்டியைப் படித்துறைப் படிகளில் இழுத்து இறக்குவதற்குள் படகு போய்விட்டது. இந்தத் தடவை தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள்: "முதுகுல மாட்டுற அந்தச் சின்னப் பைதான். அதுல அடங்கினா வா, இல்லேன்னா நான் மட்டும் போறேன்."

இதை விட்டால் அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் தங்கை வேலைக்காகக் கடல் கடந்து போகிறாள். அவளுடைய பெரிய பெட்டி கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. ஊருக்கெல்லாம் பெட்டி அடுக்கிக் கொடுக்கிற அக்கா அதில் ஒரு கைக்குட்டைகூட வைக்கவில்லை. அடுக்கி முடித்தால் அவள் போய்விடுவாளே. பெட்டியைக் காணாதவள்போல அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் மூட்டை சாமான்களைக் கட்டிலில் பரப்பினாள். பாதிப் பயணத்தைக் கட்டிலிலேயே போய்வந்துவிடுகிற ஆள் அவள். துணி காயப்போடும் கயிற்றைக் கையில் எடுத்தாள். இரண்டு மரங்களுக்கு நடுவே தங்கையின் நீலச் சட்டை காற்றில் ஆடியது. பிளாஸ்க்கைத் தொட்டாள், பனிக்குள் ஒரு பெஞ்சு, இரண்டு கோப்பைகள், யாரும் பேசாத ஒரு காலை. டார்ச்சை எடுத்தால் இருட்டுப் பாதையில் தங்கையின் செருப்புக் கால்கள் முன்னே போயின. சன்னல் வெயில் மெத்தையில் மெல்ல ஊர்ந்து தலையணை மேல் ஏறியது. அவள் பைக்குள் எதையும் வைக்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

பையோ சின்னது. கயிற்றை ஒதுக்கி வைத்தாள், சட்டை ஆடுவது நின்றது. பிளாஸ்க்கை ஒதுக்கினாள், பனியும் பெஞ்சும் போயின. இரண்டாவது சால்வையைத்தான் உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதுமாக இருந்தாள். கடைசியில் ஒரு மாற்றுத்துணி, பல் தேய்க்கும் பிரஷ், பேஸ்ட், சீப்பு, ஒரே ஒரு சால்வை. ஜிப் முக்கல் முனகல் இல்லாமல் மூடிக்கொண்டது. ஜெயித்தவள் சிரிக்க வேண்டியதுதானே, அவளுக்கோ அழுகை வந்தது.

மறுநாள் தங்கை அந்தப் பையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, இது நம் அக்காதானா என்று கேலி செய்தாள். படகைச் சாவகாசமாகப் பிடித்தார்கள். ஏரியின் நடுவில் குளிர்காற்று வீசியது. தங்கை பிறந்தது முதல் பழகிய உரிமையோடு அக்காவின் பைக்குள் கையை விட்டுச் சால்வையை எடுத்து அக்காவின் மடியில் போட்டாள். பிறகு மறுபடியும் துழாவினாள்.

"என்னோடது எங்க?"

"உன் பையில பாரு."

தங்கையின் பையில் ஒரு புத்தகம், கூலிங் கிளாஸ், பாதி பிஸ்கட் பாக்கெட். சால்வை இல்லை. பிரஷ்கூட இல்லை. இத்தனை வருடமும் அவள் கையை வீசிக்கொண்டு பயணம் வந்ததும் அக்காவின் பெட்டி கனத்ததும் ஒரே காரணத்தால்தான் என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு ஒரே சால்வைக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். தங்கை சால்வையின் ஓரத்தைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அங்க எனக்கு யாரு எடுத்து வைப்பா, அக்கா?"

மூட்டை கண்ணை மூடினாள், கூடத்துப் பெட்டி தெரிந்தது. இந்தத் தடவை அதைச் சுற்றிக்கொண்டு போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடியில் கனமான சால்வைகள், ஓரத்தில் காய்ச்சல் மாத்திரை, பஞ்சு, பிளாஸ்திரி. மேலே கயிறு. பார்த்திராத ஊரின் காற்றில் நீலச் சட்டை மறுபடி ஆடத் தொடங்கியது.

"உன் பெட்டியில துணி காயப்போட ஒரு கயிறு வைக்கவா?" என்று கேட்டாள்.

துணி உலர்த்த அங்கே மெஷின் இருக்கிறது என்று முன்பு பெருமையாகச் சொன்னவளே தங்கைதான். அவள் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"வை அக்கா. எதுக்கும் இருக்கட்டும்."