ஒன்பது முனையும் நான்கு மூலையும்

இந்தியன் இங்க் புட்டியின் மூடியைத் திருகினால் லேசாகச் சூடம் மணக்கும். அந்த மணத்துக்கு எனக்கு ஒரே ஊர்தான், சங்கரன்கோவில். போன வாரம் மகளின் மேசையில் அந்தப் புட்டி திறந்து கிடந்தது. தாண்டிப் போக முடியவில்லை. மூக்கு முதலில் போனது, பின்னாலேயே நானும் போனேன். எழுபதுகளின் கடைசி, எங்கள் மாடி அறை, சன்னலை ஒட்டிப் போட்ட பலகை. தெருவில் எங்கோ தறி ஓடும். தடக், தடக். அந்தத் தாளத்துக்குத்தான் என் பேனா நடக்கும்.

வரைந்துகொண்டிருந்தது என் கல்யாணத்தை.

எங்கள் வீடு பஹாய் வீடு. அப்பா கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வாலிபத்தில் பஹாய் ஆனவர். எல்லா மதமும் ஒரே கடவுளிடமிருந்து வந்தவை என்பது எங்கள் நம்பிக்கை. பூசாரி கிடையாது, பாதிரியார் கிடையாது. கல்யாணமென்றால் சாட்சிகள் முன்னால் மணமக்கள் சொல்லும் ஒரு வரி உறுதிமொழி. அவ்வளவு லேசு. லேசில்லாதது ஒன்று உண்டு: உயிரோடிருக்கும் பெற்றோர் அத்தனை பேரும் மனசாரச் சம்மதிக்க வேண்டும். நெருக்கி வாங்கினால் அது சம்மதமே இல்லை.

என் அப்பாவும் அம்மாவும் சம்மதித்துவிட்டார்கள். நான் கட்டிக்கொள்ள இருந்த இவருக்கு அப்பா இல்லை. அம்மா திருவேங்கடம் பக்கம் கரிசலில் பருத்தி போடுகிறவர். அந்த அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேரில் கேளுங்கள் என்றால் இவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விடுவார். எத்தனை காற்றடித்தாரோ, அந்தச் சைக்கிள் வெடிக்காததே ஆச்சரியம்.

கைக்கு வேலை இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். ஒரு பெரிய டிராயிங் ஷீட் வாங்கி, நடுவில் உறுதிமொழியை எழுதினேன். அதைச் சுற்றி ஒன்பது முனை நட்சத்திரம். ஒன்பது எங்களுக்கு நிறைவான எண். ஆனால் பொல்லாத எண். நாலும் எட்டும் தாளை மடித்தாலே வந்துவிடும். ஒன்பது மடிப்புக்கு அடங்காது. கோணமானியை வைத்து நாற்பது, எண்பது, நூற்றிருபது என்று வட்டத்தில் புள்ளி குத்தி, மூன்று முக்கோணங்களை ஒன்றின் மேல் ஒன்றாகத் திருப்பிப் போட வேண்டும். ஒரு புள்ளி மயிரிழை நகர்ந்தாலும் கடைசி முனை நொண்டும். எனக்கு நொண்டியது. அழித்தேன். மறுபடி நொண்டியது. மறுபடி.

இறைத்தூதர்களின் முகத்தை நாங்கள் வரைவதில்லை. அதனால் எங்கள் பக்தியெல்லாம் கொடியிலும் இலையிலும் போய் இறங்கும். அப்பா வைத்திருந்த மாதிரிப் படங்களில் ரோஜாவும் சைப்ரஸ் மரமும் இருந்தன. கண்ணால் காணாத மரத்தை எப்படி வரைய? நாலு மூலைக்கும் பருத்தியைப் போட்டேன். பூ, காய், வெடித்த காய். நிப்பை அழுத்தினால் தண்டு, விட்டால் நரம்பு. யாரை நினைத்து வரைந்தேன் என்பது தாளுக்குத் தெரியும்.

நாலாவது மூலைக்கு மை போட்டு முடித்த அன்று காலையில்தான் அந்த அம்மா வந்தார். கோயிலுக்கு வந்தாராம், அப்படியே எட்டிப் பார்த்தாராம். கூட்டிவந்த இவர் வாசலிலேயே மாயமானார். அந்த அம்மா நேரே மாடியேறிப் பலகைக்கு முன்னால் நின்றார்.

“இதென்னட்டி, சாமியா?”

“சாமி இல்ல, நட்சத்திரம்.”

“மூஞ்சி எங்க?”

“மூஞ்சி வரைய மாட்டோம்.”

“அதுவும் நல்லதுதான். மூஞ்சி வச்சா மொறைக்கும்.” குனிந்து பார்த்தார். “இது நம்ம பருத்தில்லா! புழு விழாத பருத்திய இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“எங்க கல்யாணத்துக்கு வரைஞ்சது. அன்னைக்கு நடுவுல இருக்குற வரியச் சொல்லி, கீழ கையெழுத்துப் போடுவோம்.”

“கல்யாணப் பத்திரிகையா?”

“அது மாதிரிதான்” என்றேன். சொல்லிவிட்டுக் காப்பிக்குப் பால் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் அந்த அம்மா கையில் ஒரு கிண்ணம். விரலெல்லாம் மஞ்சள். படத்தின் மூன்று மூலைகளில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் ஈரமாக மின்னியது. விரல் நாலாவது மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“ஐயையோ, அத்தே!”

“கொஞ்சம் இருட்டி, ஒரு மூல பாக்கி” என்றார், திரும்பாமலே. தடவி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். “வந்ததுலருந்து ஒரு மொற சொல்லிக் கூப்புடாம மென்னு முழுங்குன. இப்பத்தான் வாயில அத்தேன்னு வருது.”

“அது படம் அத்தே…”

“மஞ்ச தொடாத கல்யாணப் பத்திரிகைய எங்கன கண்ட? இம்புட்டு வரையத் தெரியுது, இது தெரியலயே ஒனக்கு.”

என் அம்மா படியில் நின்று தயங்கினார். “மஞ்சப்பொடி கேட்டாங்கன்னு குடுத்தேன். மீன் கொழம்புக்கு வச்சிருந்தது.”

“மஞ்சளுக்கு மீனு தெரியுமா, ஆடு தெரியுமா?” என்றார் அந்த அம்மா.

நாலாவது மூலையில் மை இன்னும் காயவில்லை. ஈர மஞ்சளுக்குள் அது கால் விட்டு ஓடியது. வெடித்த பருத்திக்குக் கறுப்பு வேர் முளைத்தது. எத்தனை சாயங்காலம் குனிந்த வேலை! ஆனால் அவர் மஞ்சள் வைத்துவிட்டார். வேண்டாத கல்யாணத்துக்கு யாராவது மஞ்சள் வைப்பார்களா? இல்லை, தாள் என்று கண்டால் கை தானாகப் போகும் பழக்கமா?

கீழே அப்பா நாலைந்து தரம் தொண்டையைச் செருமினார். “ஒங்க மனசுல என்ன நெனைக்கீங்கன்னு தெரிஞ்சா…”

“அண்ணாச்சி, இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு டிரைவருக்கே தெரியாது” என்று அந்த அம்மா எழுந்துவிட்டார்.

அப்பா என் காதருகில் மெல்லச் சொன்னார்: “மஞ்சள் போதாதும்மா. வாய்ச்சொல் வேணும். நீ கெஞ்சிராத.”

பஸ் ஸ்டாண்டில் இவர் எங்கிருந்தோ முளைத்தார். தன் அம்மாவைச் சன்னலோரம் உட்காரவைத்தார். அம்மா நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும், “வெத்தல வாங்கிட்டு வாரேன்” என்று கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். நான் சன்னலுக்குக் கீழே நின்றேன். கேட்கக் கூடாது. கேட்காமல் நிற்கவும் முடியவில்லை. செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

“தாலி உண்டுமா ஒங்கள்ல?”

“கட்டிக்கிடலாம் அத்தே. தடையில்ல. அந்த வரிய மட்டும் ரெண்டு பேரும் சொல்லணும்.”

“என்ன வரி அது?”

சொன்னேன். பஸ் இரைச்சலுக்கு மேலே, கல்யாணத்துக்கு முன்னாலேயே, கையில் கூடையோடு நின்றிருந்த ஒரு எலுமிச்சம்பழ வியாபாரி சாட்சியாக, உரக்கச் சொன்னேன்: “மெய்யாகவே நாங்கள் எல்லோரும் இறைவனின் சித்தத்துக்குக் கட்டுப்படுவோம்.” அந்த அம்மா விரலில் ஒட்டியிருந்த மஞ்சளை முந்தானையில் துடைத்தார்.

“நல்ல வார்த்தையாத்தான் இருக்கு” என்றார்.

கண்டக்டர் விசிலடித்தார். வெற்றிலைக்குப் போனவரைக் காணோம். பஸ் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். அந்த அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

“ஏட்டி, எனக்குச் சம்மதம்னு ஒங்கப்பாட்டச் சொல்லிரு! அந்தப் பயகிட்ட மட்டும் மூச்சு விடாத. ஊருக்கு வந்து என் மூஞ்சியப் பாத்து அவனே கேக்கட்டும்!”